ஹாலந்துத் தாழ்நிலத்தில் சைக்கிள்: வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நெதர்லாந்தின் கௌடா நகரில் குடியேறிய நாள்முதல் வசந்தம் வந்தால் யாராவது ஒருவர் வீட்டில் வந்து இறங்குவார். கல்லூரித் தோழர், பழைய அலுவலக நண்பர், சித்தப்பா மகன். எல்லோருக்கும் ஒரே ஆசை: கால்வாய்க் கரையோரம் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே சைக்கிள் ஓட்ட வேண்டும். கேட்கும் கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றேதான். தொலைபேசியில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். (இந்த ஊரை உள்ளூர்க்காரர்கள் ‘ஹௌடா’ என்பார்கள். சீஸ் கடையில் அப்படிச் சொல்லிப் பாருங்கள். விலை குறையாது, ஒரு சிரிப்பு கிடைக்கும்.)

நிலம் பலகைபோல் தட்டையாக இருக்கிறதாமே. புதிதாக ஓட்டுகிறவருக்கும் சுலபம்தானே?

இப்படி நினைத்துத்தான் நானும் முதல் மாதத்தில் ஏமாந்தேன். ஒரு புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு கௌடாவிலிருந்து உட்ரெக்ட் நோக்கிக் கிளம்பினேன். சுமார் 35 கிலோமீட்டர். மூச்சு வாங்கவில்லை, வியர்க்கவில்லை, ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டேன். நமக்குள் ஒரு பந்தய வீரன் இத்தனை வருஷம் ஒளிந்திருந்தானே என்று பூரித்துப்போய் காபி குடித்தேன். திரும்பும்போதுதான் தெரிந்தது, போகும்போது மிதித்தது நான் இல்லை, காற்று. இரண்டு மணி நேரம் தலையைக் குனிந்து மிதித்தும் பாதி தூரம்கூட வரவில்லை. ரயிலில் ஏறிவிடலாம் என்று வழியிலிருந்த நிலையத்துக்குப் போனால், மாலை நெரிசல் நேரத்தில் சைக்கிளை ஏற்ற அனுமதி இல்லை. ஆறரை மணிவரை நடைமேடையில் உட்கார்ந்து கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

காரணம் எளிய கணக்கு. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுகிறீர்கள், எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது என்றால் உங்கள் நெஞ்சில் மோதுவது 40 கிலோமீட்டர் காற்று. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால், அசைவற்ற நாளில் இருப்பதைப்போல் நான்கு மடங்கு தடை. மலையேற்றத்தில் உச்சி என்று ஒன்று உண்டு, அதற்கப்புறம் இறக்கம் உண்டு. இங்கே மரம், மேடு, கட்டடம் எதுவும் குறுக்கே இல்லாத புல்வெளியில் காற்று ஓய்வதே இல்லை.

அப்படியானால் காற்றை எப்படிச் சமாளிப்பது?

தூரத்தைப் பார்த்து வழியைத் தீர்மானிக்காதீர்கள், காற்றின் திசையைப் பார்த்துத் தீர்மானியுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். இங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்று. உடம்பில் தெம்பு இருக்கும் முதல் பாதியில் அதை எதிர்த்துப் போங்கள், களைத்துத் திரும்பும்போது அது முதுகைத் தள்ளட்டும்.

இங்குள்ள வானிலை அறிவிப்புகள் காற்றைப் பல நேரம் பியூஃபோர்ட் எண்ணில் சொல்லும். 3 என்றால் கவலை இல்லை. 4 என்றால் மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர், வழியைச் சுருக்குங்கள். 5 என்றால் 29 முதல் 38. புதியவர்கள் அன்று அருங்காட்சியகம் பார்க்கலாம். வயதானவர்கள் தயங்காமல் மின்சைக்கிளை வாடகைக்கு எடுக்கட்டும். அறுபதைத் தாண்டிய என் மாமா மின்சைக்கிளில் எதிர்காற்றைக் கிழித்துக்கொண்டு போய், முன்னால் நின்று எனக்காகக் காத்திருந்தார். அந்த அவமானத்தை இன்னும் மறக்கவில்லை.

உள்ளூர்ப் பந்தயச் சைக்கிள்காரர்கள் பக்கக்காற்றில் விசிறிபோல் சாய்வாக அணிவகுப்பார்கள். காற்று இடப்பக்கம் முன்னாலிருந்து வந்தால், அடுத்தவர் முன்னவருக்கு வலப்பக்கம் சற்றுப் பின்னால் ஒதுங்குவார். ஒவ்வொருவராக முன்னே வந்து காற்றை வாங்கிக்கொள்வார்கள். அகலமான சாலை இருந்தால்தான் இது நடக்கும். குறுகிய பாதையில் முயன்றால் கடைசி ஆள் வாய்க்காலில் இருப்பார்.

எதிர்காற்றைத் திட்டாமல் அதற்கே ஒரு போட்டி வைத்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். தென்மேற்கில் ஸீலாந்து மாகாணத்தில் கடலை மறிக்கும் ஊஸ்டர்ஸ்கெல்டெ தடுப்பணையின்மேல் 8.5 கிலோமீட்டர், கியர் இல்லாத சாதாரணச் சைக்கிளில், புயல்காற்று அடிக்கும் நாளில். 2013இல் தொடங்கியது. காற்று போதாவிட்டால் போட்டி கிடையாது.

ஒரே நாள்தான் இருக்கிறது. எந்த வழியில் போகலாம்?

நான் அழைத்துப் போகும் வழி கௌடா, ஸ்கோன்ஹோவன், கிண்டர்டைக், மறுபடி கௌடா. சுமார் 55 கிலோமீட்டர். தென்மேற்குக் காற்று வீசும் நாளுக்கென்றே அளந்து தைத்த சட்டைபோல இருக்கும்.

காலையில் கௌடா நிலையத்திலிருந்து கிழக்கே ஹாஸ்ட்ரெக்ட் போய், அங்கிருந்து ஃப்லிஸ்ட் என்ற சின்ன ஆற்றோரம் தெற்கே திரும்புங்கள். இந்தத் துண்டுதான் எனக்கு உயிர். ஆறு என்று பெயர், அகலம் நம் ஊர்ப் பெரிய வாய்க்கால் அளவுதான். தலை வெட்டிய வில்லோ மரங்கள் இருபுறமும் நிற்கும். ஒவ்வொரு பண்ணை வீட்டுக்கும் ஒரு மரப்பாலம், பாலத்தின் கைப்பிடியில் பால்கேனில் பூ. வீட்டு வாசலில் சின்ன அலமாரியில் முட்டையும் பிளம் பழமும் வைத்திருப்பார்கள். பக்கத்தில் ஓர் உண்டியல். யாரும் கண்காணிப்பதில்லை.

ஸ்கோன்ஹோவன் வெள்ளி வேலைக்குப் பேர்போன ஊர். அங்கே லெக் ஆற்றைப் படகில் கடக்க வேண்டும். லெக் என்பது ரைன் நதியின் கிளை, சரக்குக் கப்பல்கள் போகும் அளவுக்குப் பெரியது. அக்கரையில் மேற்கே திரும்பியதும் சோதனை ஆரம்பம். அணைக்கரையின் உச்சியில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர், காற்று முகத்தில். வலப்பக்கம் ஆறு, இடப்பக்கம் கீழே வீட்டுக் கூரைகள். கரை வளைந்து வளைந்து போவதால் ஒவ்வொரு வளைவிலும் காற்று கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், அடுத்த வளைவில் வட்டியோடு வாங்கிக்கொள்ளும்.

நியூ லெக்கர்லாந்தைத் தாண்டினால் கிண்டர்டைக். 19 காற்றாலைகள், 1997 முதல் யுனெஸ்கோ பட்டியலில். வாய்க்காலின் ஒருபுறம் 1738இல் கட்டிய எட்டு வட்டமான செங்கல் ஆலைகள், மறுபுறம் 1740இல் கட்டிய எட்டு எண்கோண நாணல் வேய்ந்த ஆலைகள். நடுவில் போகும் பாதை பொதுவழி, அதற்குக் கட்டணம் இல்லை. ஆலைகளுக்குள் போகத்தான் டிக்கெட். நண்பகலில் சுற்றுலாக் கூட்டம் பாதையை அடைத்துக்கொள்ளும், அப்போது இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே மரியாதை.

அங்கிருந்து இன்னொரு படகில் கிரிம்பன் கரைக்கு வந்து வடகிழக்கே திரும்பினால், காலையெல்லாம் வதைத்த அதே காற்று முதுகில் கைவைத்துக் கௌடாவரை கொண்டுவந்து விடும். காற்று வடகிழக்கிலிருந்து வீசினால் இதே வட்டத்தைத் தலைகீழாகச் சுற்றுங்கள்.

கடல் மட்டத்துக்குக் கீழே ஓட்டுகிறோம் என்பது கண்ணுக்குத் தெரியுமா?

தெரியும், முதலில் தலை சுற்றும். நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய கால்பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. கௌடாவுக்கு மேற்கே நியூவெர்கெர்க் பக்கம் இருக்கும் மிகத் தாழ்ந்த இடம் கடல் மட்டத்துக்கு ஆறே முக்கால் மீட்டர் கீழே.

கரை கட்டி நீரை வடித்து மீட்ட நிலத்தில் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். சுற்றிலும் புல், மாடு. திடீரென்று தலைக்கு மேலே ஒரு படகின் பாய் மெதுவாக நகர்ந்து போகும். அது வானத்தில் போகவில்லை. நிலத்தைச் சுற்றி உயரத்தில் கட்டிய வளையக் கால்வாயில் போகிறது. நீங்கள்தான் பள்ளத்தில் இருக்கிறீர்கள்.

தஞ்சைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் வாய்க்காலைப் பார்த்ததும் ‘பாசனம் பிரமாதம்’ என்பார்கள். அங்கே வாய்க்கால் வயலுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறது. இங்கே வயலிலிருந்து தண்ணீரைக் கொண்டுபோகிறது. சின்ன வாய்க்காலில் வடிந்து, பெரிய வாய்க்காலுக்கு இறைக்கப்பட்டு, அங்கிருந்து ஆற்றுக்கு. இந்த வேலை ஒரு வாரம் நின்றால் நல்ல மழைக்காலத்தில் நீங்கள் ஓட்டிய பாதை ஏரியாகிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தப் பகுதி மக்கிய தாவரக் கரிமண். நீரை வடித்து வடித்துக் காயவிட்டால் மண்ணே காற்றுபட்டுச் சிதைந்து நிலம் தாழ்கிறது. தாழ்ந்ததும் மறுபடி ஆழமாக வடிக்க வேண்டும். சில பாதைகள் அலையலையாக நெளிந்து கிடப்பது அதனால்தான்.

காற்றாலைகள் மாவு அரைக்கத்தானே?

மாவு அரைப்பவையும் உண்டு, மரம் அறுத்தவையும் உண்டு. ஆனால் வயல் நடுவே, வாய்க்கால் முனையில் நிற்பவை ஏற்றம் இறைப்பவை. இறக்கை சுற்ற, உள்ளே நடு அச்சு சுற்ற, அது அடியில் ஒரு பெரிய துடுப்புச் சக்கரத்தை அல்லது திருகைச் சுழற்றி நீரைத் தூக்கி அடுத்த மட்டத்துக்குத் தள்ளும். ஒரு சக்கர ஆலையால் ஒன்றரை மீட்டர் அளவுக்குத்தான் தூக்க முடியும். அதனால் ஆழமான ஏரியை வற்றவைக்க ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கட்டுபோல் ஆலைகளை நிறுத்தினார்கள். வடக்கே பேம்ஸ்டர் ஏரி 1612இல் வற்றியபோது 40க்கும் மேற்பட்ட ஆலைகள் இறைத்தன. அந்த வேலையின் பெயரோடு சேர்ந்தே சொல்லப்படுகிறவர் யான் அட்ரியான்ஸோன் லேக்வாட்டர். அவர் பெயருக்கே ‘வெற்று நீர்’ என்று பொருள். பக்கத்து ஸ்கெர்மர் 1635இல் வற்றியது, அங்கே 52 ஆலைகள். இன்று மிஞ்சியவை 11.

நீராவி வந்ததும் ஆலைகள் ஒதுங்கத் தொடங்கின. 1852இல் ஹார்லெம் ஏரியை வற்றவைத்தது மூன்று நீராவி நிலையங்கள். அந்த ஏரியின் அடியில்தான் நீங்கள் வந்திறங்கிய ஸ்கிப்போல் விமானநிலையம் இருக்கிறது. இப்போது இறைப்பவை மின்சாரமும் டீசலும். ஆனாலும் இரண்டாம் உலகப் போரில் எரிபொருள் கிடைக்காமல் போனபோது கிண்டர்டைக் ஆலைகள் மறுபடி வேலைக்கு வந்தன. கௌடாவுக்கு வடக்கே ஆர்லாண்டர்வேன் ஊரில் நான்கு ஆலைகள் வரிசையாக நின்று இன்றும் காற்றாலேயே ஒரு நிலத்தை வடிக்கின்றன.

ஆலைக்குள் போக முடியுமா?

இறக்கை சுற்றிக்கொண்டிருந்தால் ஆலைக்காரர் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். மெதுவாகப் போய்க் கேளுங்கள். பெரும்பாலோர் தன்னார்வலர்கள், பயிற்சி எடுத்துத் தேர்வு எழுதியவர்கள். ஆலை ஓட்டும் கலை 2017இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. மே மாதம் இரண்டாம் வார இறுதி தேசிய ஆலை நாள், அன்று நாடு முழுக்கத் திறந்திருக்கும். சில ஆலைகளில் குடும்பங்கள் வசிக்கின்றன, கொடியில் துணி காய்வதைப் பார்த்தால் தள்ளியே நில்லுங்கள்.

ஒருமுறை ஓர் ஆலைக்காரர் காற்று திரும்பியதும் ஆலையின் தலையைத் திருப்பிக் காட்டினார். பின்புறம் வால்போல் இறங்கும் கம்பங்களின் அடியில் கப்பல் சுக்கான்போல் ஒரு சக்கரம். அதன் குச்சிகளில் காலை வைத்து ஏறி ஏறி மிதித்தார். சங்கிலி ஒவ்வொரு கண்ணியாக இறுகியது, மேலே பல டன் கனமுள்ள தொப்பி முனகிக்கொண்டே அரை அடி நகர்ந்தது. பத்து நிமிடத்தில் அவர் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

நின்ற இறக்கைகளும் பேசும். கூட்டல் குறிபோல் நேராக நின்றால் சிறு இடைவேளை. பெருக்கல் குறிபோல் நின்றால் நீண்ட ஓய்வு. மேலிறக்கை உச்சியை எட்டும் முன்னே நின்றால் அந்த வீட்டில் மகிழ்ச்சி, உச்சியைத் தாண்டிச் சாய்ந்து நின்றால் துக்கம். சுழலும் இறக்கையின் அருகே மட்டும் போகாதீர்கள். புத்தி பேதலித்தவரை ‘ஆலையிடம் அறை வாங்கியவர்’ என்று டச்சுக்காரர்கள் சொல்வார்கள். நிஜ அறை வாங்கியவர் அப்படிப் பெயர் வாங்கக்கூட மிஞ்சமாட்டார்.

மொழி தெரியாதே, வழி தவறினால்?

இங்கே வழி கண்டுபிடிக்க எண்கள் போதும். சைக்கிள் பாதைகள் சந்திக்கும் இடங்களுக்கெல்லாம் எண் கொடுத்திருக்கிறார்கள். 23க்கு வந்தால் அங்கே பலகையில் 41க்கு இந்தப் பக்கம், 7க்கு அந்தப் பக்கம் என்று அம்பு இருக்கும். காலையில் வரைபடத்தைப் பார்த்து எண்களை ஒரு துண்டுப் பிளாஸ்திரியில் எழுதிச் சைக்கிளின் குறுக்குக் கம்பியில் ஒட்டிக்கொண்டால் போதும். இந்த யோசனை பக்கத்து நாடான பெல்ஜியத்தில் லிம்பர்க் மாகாணத்தில் 1995இல் பிறந்தது. சுரங்கப் பொறியாளர் ஹ்யூகோ போலன் என்பவரின் மூளை. சுரங்கத்தில் வழி காட்டிய எண்முறை வெயிலுக்கு வந்தது.

சட்டதிட்டங்கள் என்ன?

நீல வட்டத்துக்குள் வெள்ளைச் சைக்கிள் படம் இருந்தால் அந்தப் பாதையில்தான் போக வேண்டும், கார்ச் சாலையில் ஏறக்கூடாது. பந்தயச் சைக்கிளுக்கும் அதே விதி. தரையில் வெள்ளை முக்கோணப் பற்கள் உங்களைக் குத்துவதுபோல் நீட்டிக்கொண்டிருந்தால் நின்று வழிவிடுங்கள். குறி எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை, அவர் எட்டு வயதுச் சிறுமியாக இருந்தாலும். இருவர் பக்கம் பக்கமாக ஓட்டலாம். கைப்பேசியைக் கையில் பிடித்தபடி ஓட்டுவது 2019 ஜூலை முதல் குற்றம். இருட்டினால் விளக்கு கட்டாயம். நாம் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதை மட்டும் முதல் அரைமணி நேரம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுங்கள். இடப்பக்கப் பழக்கம் முதல் திருப்பத்தில்தான் தலைகாட்டும்.

ஹெல்மெட்?

சாதாரணச் சைக்கிளுக்குக் கட்டாயம் இல்லை, உள்ளூர்க்காரர்கள் பெரும்பாலும் போடுவதும் இல்லை. பந்தயச் சைக்கிளில் போகிறவர்கள் போடுவார்கள். நீங்கள் போடுங்கள்.

எந்தச் சைக்கிள் சரி?

மெல்லிய டயர் வேண்டாம். ஊருக்குள் நுழைந்ததும் செங்கல் பாவிய தெருதான், 23 மில்லிமீட்டர் டயரில் பல் ஆடும். 28 அல்லது 32 நலம். வாடகைச் சைக்கிள் சிலவற்றில் கைப்பிரேக் இருக்காது, பெடலைப் பின்னால் மிதித்தால் நிற்கும். படகுத்துறைச் சரிவில் அதைக் கற்றுக்கொள்ளாதீர்கள். ஆட்டுப்புழுக்கையும் வாத்து எச்சமும் மழையில் நனைந்த அணைக்கரை எண்ணெய் பூசிய தோசைக்கல்தான்.

பாலம் திறந்துவிட்டால்? படகு இல்லாவிட்டால்?

பாலம் திறந்தால் காத்திருங்கள், வேறு வழி இல்லை. ஒற்றைப் பாய்மரப் படகுக்காக முப்பது சைக்கிளும் ஒரு லாரியும் நிற்கும், யாரும் மணியடிக்கமாட்டார்கள். முன்பெல்லாம் பாலக்காரர் தூண்டில் கயிற்றில் ஒரு மரச்செருப்பைத் தொங்கவிட்டுப் படகுக்காரரிடம் சுங்கம் வாங்குவார். சில ஊர்களில் இன்னும் உண்டு.

சிறு வாய்க்கால்களில் ஆள் இல்லாத படகு இருக்கும். அக்கரையில் நின்றால் கைச்சக்கரத்தைச் சுற்றிச் சங்கிலியை இழுத்து நம் பக்கம் கொண்டுவர வேண்டும். சைக்கிளோடு ஏறி நின்று, மறுபடி சுற்றிக்கொண்டே கடக்க வேண்டும். ஈரச் சங்கிலியில் பாசி வழுக்கும், கை முழுக்கத் துரு. என் நண்பரின் பிள்ளைகள் காற்றாலையை மறந்துவிட்டார்கள், இதைத்தான் இன்னும் பேசுகிறார்கள்.

ரயிலில் சைக்கிள்?

வார நாள் காலை, மாலை நெரிசலில் ஏற்றக்கூடாது (என் கதை மேலே). மற்ற நேரத்தில் சைக்கிளுக்குத் தனி டிக்கெட் எடுங்கள். மடக்கும் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

தாராளமாக. ஒன்றே ஒன்று: வாய்க்கால்களுக்குத் தடுப்புக் கிடையாது. கோடையில் நீர்மேல் சின்ன இலைப்பாசி விளிம்புவரை படர்ந்து, வெட்டி ஒழுங்குபடுத்திய புல்தரைபோலவே இருக்கும். அதன்மேல் கால் வைத்த பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். வீட்டில் இன்னும் மறுக்கிறார்.

எந்த மாதம் வரலாம்?

டூலிப் பூவுக்காக என்றால் ஏப்ரல் நடு முதல் மே தொடக்கம்வரை, லிஸ்ஸெ பக்கம், கூட்டத்தோடு. என்னைக் கேட்டால் மே கடைசியும் ஜூனும். இரவு பத்து மணிவரை வெளிச்சம். புல்வெளியில் கருவால் மூக்கன் தன் பெயரையே கூவிக்கொண்டு பறக்கும். டச்சுக்காரர்கள் அதை ‘க்ருட்டோ’ என்பது அந்தக் கூவலால்தான். அதுதான் நாட்டின் தேசியப் பறவை. குளிர்காலத்தில் கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் பார்க்கும் அதே இனம், ஆனால் இங்கே பொரித்தவை குளிருக்கு மேற்கு ஆப்பிரிக்கப் பக்கம் போய்விடுகின்றன.

சைவம் கிடைக்குமா?

சீஸ் ரொட்டி எங்கும் கிடைக்கும், ஆப்பிள் கேக்கும் உண்டு. தக்காளி சூப் என்று நம்பி வாங்காதீர்கள், அடியில் இறைச்சி உருண்டை இருக்கலாம். பட்டாணி சூப்பில் தொத்திறைச்சி. நான் புளிச்சாதம் கட்டிக்கொண்டு போகிறேன், அணைக்கரை பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தால் எதிர்காற்றும் மணக்கும். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம்.

கடைசியாக, கேட்கக் கூச்சம்தான். அவசரத்துக்கு எங்கே ஒதுங்குவது?

மரம் இல்லாத தட்டை நிலம், நான்கு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் தெரிவீர்கள். ஆகவே காபிக் கடைதான். பல இடங்களில் காசு கேட்பார்கள். அப்போது கோபம் வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்: நம் ஊரில் புழங்கும் ‘துட்டு’ டச்சு நாணயமான ‘டுயிட்’டிலிருந்து வந்தது, ‘கக்கூசு’ டச்சுச் சொல்லான ‘கக்ஹௌஸ்’சிலிருந்து வந்தது. துட்டு கொடுத்துத்தான் கக்கூசு போக வேண்டும் என்பதையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள்போல. ஆனால் கடைக்காரரிடம் அந்தச் சொல்லைச் சொல்லி வழி கேட்டுவிடாதீர்கள். அங்கே இன்று அது கெட்ட வார்த்தை. ‘டாய்லெட்’ என்றால் போதும், சாவியை எடுத்து நீட்டுவார்.